அடி வாங்குகிறவன்

கி.பி. 949-இல் தக்கோலத்தில் ஒரு சண்டை நடந்தது. அரக்கோணத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் மைத்துனனான கங்க மன்னன் பூதுகனும் ஒரு பக்கம். முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் எதிர்ப்பக்கம். யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் செத்துப்போனான். சோழர்கள் மறுபடி தலையெடுக்க ஏறத்தாழ ஒரு தலைமுறை பிடித்தது. பூதுகன் தரப்பின் வெற்றிச் செய்தி கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்த ஒரு கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லும் போருக்காக நட்டதில்லை. காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்கிற வேட்டைநாய்க்காக நட்டது. நாயின் வீரக்கதைக்கு நடுவே போரும் ஓர் ஓரமாக இடம்பிடித்துக்கொண்டது.

இவ்வளவு பெரிய நிஜச் சண்டையை இந்தப் பக்கத்தில் யாரும் ராத்திரி கண்விழித்துத் திரும்ப ஆடிப் பார்ப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கோ வடக்கே, என்றைக்கோ நடந்ததாகச் சொல்லப்படும் குருக்ஷேத்திரத்தைத்தான் வெயில் காலம் பிறந்தால் ஊர் ஊராக ஆடுகிறார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் களத்துமேட்டில் மண்ணால் பிசைந்து படுக்க வைத்த ராட்சத துரியோதனனின் தொடையில் பீமன் வேஷக்காரர் கதையால் அடிப்பார். திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. யார் ஜெயிப்பார், யார் சாவார் என்பது சுண்டல் விற்க வந்தவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள்.

தொலைக்காட்சியில் வருகிற மல்யுத்தத்தை ஜனங்கள் ஏன் ரசிக்கிறார்கள் என்று கேட்பவர்கள், அது பொய் என்று தெரியாமல் ஏமாந்து பார்க்கிறார்கள் என்பதையே பதிலாக வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கூத்து நடக்கிற சீமையில் வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வியே விளங்குவதில்லை.

எங்கள் ஊருக்கு அந்த மல்யுத்தம் வந்தது தொண்ணூறுகளின் முதல் பாதியில், கேபிள் கம்பியோடு. 1992-இல் ராஜாளி கடற்படை விமானத் தளம் தொடங்கிய பிறகு, டுபோலெவ் 142 என்கிற ரஷ்யப் பெருவிமானங்கள் நான்கு மூக்கிலும் இரட்டை விசிறி சுற்ற, ஓட்டு வீடுகள் அதிர அரக்கோணத்தின் தலைக்குமேல் போய்வந்துகொண்டிருந்தன. நீர்மூழ்கிகளைத் தேடிப்போகும் நிஜமான போர்க்கருவி. கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்தோம், அப்புறம் சத்தம் பழகிவிட்டது. பழகாதது அண்டர்டேக்கர் என்கிற மல்யுத்த வீரரின் மணியோசை. அரங்கத்தில் விளக்கு அணையும், மணி ஒருமுறை அடிக்கும், கறுப்புத் தொப்பியும் நீண்ட அங்கியுமாக அந்த மனிதர் நடந்துவரத் தொடங்குவார். மேடை ஏறுவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். சில சமயம் அந்த நடைக்கு ஆன நேரம் சண்டைக்கு ஆகியிருக்காது. யாரும் சலித்துக்கொண்டதில்லை. கூத்தில் துரியோதனன் வரும்போது இருவர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே அவர் தன் பெருமையைப் பாடுவார், திரை கொஞ்சம் இறங்கும், கிரீடம் தெரியும், மறுபடி ஏறும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கொண்ட அந்த உருவம் முழுசாக வெளிப்பட அரை மணி நேரம்கூட ஆகும். கட்டியக்காரன் நடுவே புகுந்து கிண்டல் செய்வான். அமெரிக்க ஒளிபரப்பில் அந்த வேலைக்கு ஜெர்ரி லாலர் என்று ஒருவர் இருந்தார். வர்ணனை மேஜையில் உட்கார்ந்து, கூசாமல் கெட்டவர்கள் பக்கம் நின்று பேசுவார்.

பெட்டிக்கடையில் சீட்டுக்கட்டு விற்றது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரர் படம், கீழே உயரம், எடை, மார்பளவு, புஜம், மோதிய சண்டைகள், ஜெயித்த சண்டைகள், தரவரிசை. ரயில்வே குடியிருப்பின் வேப்பமர நிழலில் கோடை விடுமுறை முழுக்க அதைத்தான் ஆடினோம். எடை என்று கேட்டு யோகோசுனா சீட்டை இறக்கினால் எதிராளி வாய்மூடிப் போவான், அவருக்கு 500 பவுண்டுக்கு மேல். தரவரிசையில் முதல் ஆள் கையில் இருந்தால் அன்றைக்கு அவன்தான் ராஜா. அளவைகளில் பவுண்டும் அங்குலமும் எங்களுக்கு மனப்பாடமானது கணக்கு வாத்தியாரால் இல்லை.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது இந்தியாவெங்கும் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் சத்தியம் செய்த செய்தி. அரக்கோணத்திலும் அதேதான். எப்படிப் பரவியது என்று யாராவது ஆராய வேண்டும். இணையம் கிடையாது, ஆங்கில வர்ணனை பாதி புரியாது, இருந்தும் விண்டர்பேட்டைப் பையனும் பழனிப்பேட்டைப் பையனும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். விதை எங்கே விழுந்தது என்று மட்டும் யூகிக்கலாம். 1994 ஜனவரியில் யோகோசுனாவும் அவருக்குத் துணையாக வந்த ஒரு கும்பலும் சேர்ந்து அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். அவர் 'செத்தார்'. ஆகஸ்டில் திரும்பி வந்து, தன் வேஷத்தில் உலவிய போலி அண்டர்டேக்கரையே தோற்கடித்தார். புராணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மாயாசூரன், வரம், மறுபிறப்பு என்று எல்லாமே ஏற்கெனவே கைவசம் இருந்த சரக்கு.

பெரியவர்கள் திட்டினார்கள். "எல்லாம் பொய்டா, செட்டப்பு. ரத்தமெல்லாம் சாஸு." இதில் வேடிக்கை, அவர்கள் பிழைபட்டது ரத்த விஷயத்தில்தான். அடி பொய், முடிவு பொய், பகை பொய். ரத்தம் பெரும்பாலும் நிஜம். மணிக்கட்டுப் பட்டையில் சின்னதாக ஒரு பிளேடுத் துண்டை ஒளித்து வைத்துக்கொண்டு, முகம் குப்புறக் கிடக்கும்போது தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வது அந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். வியர்வையில் கலந்து முகமெல்லாம் வழியும்.

எங்கள் ஆயா திட்டவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கும், இரண்டு நிமிஷத்தில் யார் கெட்டவன் என்று சொல்லிவிடும். "அதோ அவன்தான். நடுவரு அந்தாண்ட திரும்பறதுக்குள்ளயே கண்ணு எங்க போவுது பாரு." ஜெயித்தவனை அது பாராட்டியதாக நினைவில்லை. தோற்றுக் கிடப்பவனைப் பார்த்துத்தான் சொல்லும்: "நல்லா வுழறான்டா இவன்."

அந்த வாக்கியத்தின் நுட்பம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆனது.

நிஜமான மல்யுத்தம் பார்க்க எப்படி இருக்கும் என்பதற்கு 1910 செப்டம்பரில் லண்டனில் நடந்தது நல்ல சாட்சி. பஞ்சாபிலிருந்து போன காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் பலம் தெரிந்துபோன ஸ்பிஸ்கோ பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் படுத்தேயிருந்தார். காமாவால் புரட்ட முடியவில்லை. ஆட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அடுத்த வாரம் மறு ஆட்டம் என்று அறிவித்தார்கள், ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பிறகு 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். காத்திருந்த பெருங்கூட்டம் சரியாக உட்காரக்கூட நேரமில்லை, ஒரு நிமிஷத்துக்குள் காமா அவரைச் சாய்த்துவிட்டார். உண்மைச் சண்டைக்குப் பார்வையாளன் ஒரு பொருட்டில்லை. நீள வேண்டிய இடத்தில் சட்டென்று முடிந்துவிடும், முடிய வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்ளும். 1920-களில் அமெரிக்காவில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் சேர்ந்து குத்துச்சண்டையும் குஸ்தியும் கூடாரக் கண்காட்சியும் கலந்து வேகமான ஒரு புது ஆட்டத்தை உருவாக்கியதற்குக் காரணம் இந்த அலுப்புதான். முடிவை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால்தான் நடுவில் கதை சொல்ல முடியும்.

கதையைச் சொல்வது யார் என்பதில் இருக்கிறது விஷயம். ஒருவனைத் தலைக்குமேல் தூக்கிக் கீழே போடுகிறார்கள். தூக்குகிறவன் பலசாலி என்று நாம் கைதட்டுகிறோம். 120 கிலோ உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அதை யாராலும் அப்படித் தூக்க முடியாது. தூக்கப்படுகிறவன் சரியான கணத்தில் தன் காலால் எம்ப வேண்டும். விழும்போது மோவாயை நெஞ்சில் ஒட்டவைத்துத் தலையைக் காப்பாற்ற வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரண்டு கையாலும் பலகையை ஓங்கி அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். கீழே இருப்பது இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, மெல்லிய பஞ்சுப் பாய், கித்தான். சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்றே அப்படி அமைக்கிறார்கள். வலி குறையுமே தவிர இல்லாமல் போகாது. இத்தனையும் செய்து முடித்தபின் நடிப்பு தொடங்குகிறது. எந்த அடி எவ்வளவு வலித்தது என்பதைக் கடைசி வரிசைக்கும் தெரியும்படி உடம்பால் சொல்ல வேண்டும். அடிக்கிறவன் கையில் ஒரு பலமும் இல்லை, வாங்குகிறவன் கொடுத்தால்தான் உண்டு. இன்னொன்று: பழைய வழக்கப்படி ஆட்டத்தை உள்ளே நடத்திக்கொண்டு போகிறவன் கெட்டவன் வேஷக்காரன்தான். கழுத்தைப் பிடித்து நெரிக்கிற பாவனையில் காதோடு காதாக அடுத்த அடி என்ன என்று அவன்தான் சொல்வான். நடுவரும் தூதுவர்தான். அண்ணாந்து பார்க்கிற நமக்கு நல்லவன் ஜெயித்தான். அதைச் சாத்தியமாக்கியவன் மல்லாந்து கிடக்கிறான்.

ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'புராணவியல்' கட்டுரைத் தொகுப்பில் முதலில் இருப்பதே மல்யுத்தம் பற்றியதுதான். நம் சிறுபத்திரிகைகள் அவரைப் படித்துத் தலைகீழாய் நின்ற காலம் ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்து மூன்றாந்தர அரங்குகளில் நடந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டில்லை, காட்சி, வலியும் தோல்வியும் நியாயமும் எல்லோர் கண்ணுக்கும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன என்கிற பொருள்பட எழுதினார். கிரேக்க நாடகத்தைத் துணைக்கு அழைத்தார். நல்ல கட்டுரை. ஆனால் அவர் அரங்கத்தின் நாற்காலியிலிருந்து பார்த்தார். கூத்து பார்க்கிற ஜனங்கள் ஒப்பனைக் கொட்டகையையும் பார்க்கிறார்கள். பீமனும் துரியோதனனும் ஒரே கண்ணாடித் துண்டைப் பங்குபோட்டு அரிதாரம் பூசுவதும், விடிந்தபின் ஒரே வேனில் ஏறி அடுத்த ஊர் போவதும் ஒளிவுமறைவானதில்லை. அமெரிக்காவில் அதை மறைக்கப் பெரும்பாடு பட்டார்கள். 1987-இல் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரு காரைப் போலீஸ் நிறுத்தியது. உள்ளே அயர்ன் ஷேக்கும் ஜிம் டகனும். மேடையில் ஈரானிய வில்லனும் அமெரிக்கக் கொடி ஏந்திய தேசபக்தனும். போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்தைவிட, எதிரிகள் ஒரே காரில் போனார்கள் என்பதுதான் முதலாளியைக் கொதிக்க வைத்தது. இரண்டே வருஷத்தில் அதே முதலாளி வின்ஸ் மக்மேன், மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, இது போட்டியே இல்லை, கேளிக்கை என்று நியூ ஜெர்சி செனட்டுக்கு ஒப்புக்கொண்டார். கூட்டம் குறையவில்லை. குறையும் என்று பயந்தவர்கள் தங்கள் பார்வையாளரை அறியாதவர்கள்.

பகை பொய்யென்று தெரிந்தபின்னும் ரசிப்பது சாதாரண விஷயம். அதற்கும் மேலே ஒரு படி உண்டு. துகிலுரிதல் அன்றைக்கு, துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதி வேஷக்காரரின் சேலையில் கை வைப்பதற்கு முன்னால், கூத்து நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷம் கட்டிய கலைஞர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான் இந்தப் பாத்திரத்தை ஆடுகிறேன், பொறுத்துக்கொள் என்று வேண்டுவார். பிறகு துச்சாதனனாகி, வெறிபிடித்தவர்போல் இழுப்பார். பொய் என்று சபைமுன் அறிவித்துவிட்டுச் செய்கிற பொய் அது. அறிவித்ததால் உக்கிரம் ஒரு மாற்றும் குறைவதில்லை. முன்வரிசைப் பெண்கள் அப்போது அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

துரியோதனன் விழுகிற படுகளத்தில் இன்னொரு விஷயம். பீமன் ஜெயிப்பது நேர்மையான அடியால் இல்லை. கதை யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான், பீமன் புரிந்துகொள்கிறான். பலராமனுக்கே கோபம் வந்த தவறான அடி அது. ஊரே அதற்குக் குலவை போடுகிறது. நடுவர் திரும்பியிருக்கும்போது முகத்தில் பொடி தூவுகிறவனைத் திட்டித் தீர்க்கிற கூட்டம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நல்லவன் கடைசியில் நாற்காலியைத் தூக்கும்போது எழுந்து நிற்பதும் இதே கணக்கில்தான். தாசில்தார் அலுவலகத்திலும் கோர்ட்டிலும் வாய்தா வாங்கி வாங்கிச் சலித்தவர்களுக்கு விதிமுறையின் மேல் பெரிய மரியாதை இருக்காது. எவன் முதலில் மீறினான் என்பதை மட்டும் அவர்கள் மறப்பதில்லை.

அடித்து முடித்தபின் வடமாவட்டங்களின் சில ஊர்களில் நடப்பது இதைவிட விசித்திரம். கூத்துக் கலைஞர் கையில் துடைப்பமும் முறமும் எடுத்துக்கொள்வார், ஜனங்கள் வரிசையில் வந்து குனிந்து அடி வாங்கிக்கொள்வார்கள். பீடை போகும் என்று நம்பிக்கை. துரியோதனன் உடம்பு மண்ணை ஒரு பிடி எடுத்து முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பீமனின் கதையை யாரும் கேட்பதில்லை.

இங்கே திருத்தணியைச் சொல்லாமல் போனால் எங்கள் பக்கத்து ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ஐப்பசி சஷ்டியில் முருகன் கோயில்களில் எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும். யானைத் தலை, சிங்கத் தலை என்று சூரனுக்குத் தலைகள் மாறி மாறி விழ, திருச்செந்தூர்க் கடற்கரை கொள்ளாமல் கூட்டம் நிற்கும். முடிவு தெரிந்த சண்டையின் பெரும் அரங்கு அதுதான். அரக்கோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருத்தணி மலையில் மட்டும் சம்ஹாரம் கிடையாது. சூரனோடும் வேடரோடும் போரிட்ட சினம் தணிந்து அமர்ந்த தலம் என்பதால் அன்றைக்குப் பூக்களால் அர்ச்சனை. சண்டை வேண்டுமென்றால் மலையிறங்கி வேறு ஊர் போக வேண்டும். பக்தியில் எனக்கு அதிகப் பிடிப்பில்லை என்றாலும், ஒரே கடவுளுக்கு இரண்டு விதமான முடிவையும் வைத்துக்கொண்ட அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

தாத்தா தலைமுறைக்கு இது எதுவுமே புதிதில்லை. அவர்களுக்குத் தாராசிங்கும் கிங்காங்கும் இருந்தார்கள். கிங்காங்கின் நிஜப்பெயர் எமில் சாயா, ஹங்கேரியில் பிறந்தவர், சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஆசியா முழுக்கச் சுற்றியவர். அமிர்தசரஸ் பக்கத்துத் தர்முசக் கிராமத்து ஜாட் இளைஞர் தாராசிங்கும் மல்யுத்தத்தில் பெயரெடுக்கத் தொடங்கியது சிங்கப்பூர், மலாயாவில்தான். ஐம்பதுகளில் இவர்கள் மோதல் என்று சுவரொட்டி ஒட்டினால் போதும். பாட்டன்மார் அப்போதும் இதே விவாதத்தைத்தான் செய்தார்கள்: நிஜமா, ஜோடிப்பா? வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷமே ஆன காலத்தில், ஐரோப்பிய மலை ஒன்றைப் பஞ்சாபி ஒருவர் தூக்கிப் போடுவதைப் பார்க்கக் கிடைத்தபோது அந்த விவாதத்தில் யாருக்கும் ஜெயிக்கும் அவசரம் இருந்திருக்காது. எமில் சாயா 1970-இல் கார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங் 1987-இல் ராமானந்த் சாகரின் தொடரில் அனுமனாக வந்து, குஸ்தியே பார்த்திராத பாட்டிகளின் கும்பிடையும் வாங்கிக்கொண்டார்.

நம்மவன், அந்நியன் என்கிற பிரிவு இந்த ரசனையில் எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூற்றில் சாட்சி உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு காலை நெஞ்சில் ஊன்றி மறுகாலால் முதுகை வளைத்த பிடியையே விவரிக்கிறார். அதைவிட எனக்கு முக்கியம் நக்கண்ணையார். அவர் சண்டையைப் பாடவில்லை, சண்டை பார்த்ததைப் பாடுகிறார். கிள்ளிக்கு இது சொந்த ஊரில்லை, சொந்த நாடுமில்லை, ஆகவே கூட்டம் இரண்டாகப் பிரிந்து வெற்றி என்றும் இல்லை என்றும் கத்துகிறது. அவரோ சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டருகே பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயிப்பதைத் தன் கண்ணால் கண்டேன் என்கிறார். நமக்குக் கிடைத்த முதல் மல்யுத்த ரசிகை.

2006-இல் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தச் சிக்கல் தலைகீழாக வந்தது. இமாசலப் பிரதேசத்திலிருந்து பஞ்சாப் போலீஸ் வழியாகப் போன தலீப் சிங் ராணா, கிரேட் காளி என்ற பெயரில் அமெரிக்க மேடையில் இறங்கி, வந்ததும் வராததுமாக அண்டர்டேக்கரையே அடித்துச் சாய்த்தார். நம்ம நாட்டு ஆள். ஆனால் அடிபட்டவர் ஏழு உயிர்க்காரர். யாருக்குக் கத்துவது? கதைப்படி காளி வில்லன். பேச்சில்லாமல் உறுமுகிற பூதமாக அவரை வைத்திருந்தார்கள். அவருடைய அந்த ஆகிருதிக்குக் காரணம் பிட்யூட்டரிக் கட்டி, பின்னால் அறுவை செய்து எடுத்தார்கள். நோயையும் நிறத்தையும் சேர்த்துப் பூதம் செய்த அந்தக் கம்பெனியின் ரசனை மட்டமானது. அயர்ன் ஷேக் காலத்திலிருந்து அதே மட்டம்தான். அடுத்த வருஷம் காளி உலகப் பட்டம் வென்றபோது இங்கே இனிப்பு கொடுத்தவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

இந்த ரசனை குற்றமற்றது என்று சாதிக்க எனக்கு மனமில்லை. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில், 16 அடி உயரக் கூண்டின் கூரையிலிருந்து மிக் ஃபோலி என்கிற வீரரை அண்டர்டேக்கர் கீழே தள்ளினார். அது பேசிவைத்தது. ஃபோலி எழுந்து மறுபடி மேலே ஏறினார். அடுத்த முறை கூரைத் தகடு பெயர்ந்து உள்ளே விழுந்தார். அப்படிப் பெயரும் என்று யாரும் திட்டமிடவில்லை. உடைந்த பல்லோடும் ரத்த வாயோடும் அவர் சிரித்தார். வருஷக்கணக்காக அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள், நாங்களும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மறு வருஷம் 1999 மே 23 அன்று கன்சாஸ் நகரத்தில் ஓவன் ஹார்ட் என்கிற வீரர் அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவரும்போது பிடிப்பு விட்டு விழுந்து செத்தார். வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது கதையில் சேர்ந்ததில்லை, நிஜமாக நடந்துவிட்டது என்று தொலைக்காட்சி நேயர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு விவரம் சொல்லாமலே மீதி ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். துச்சாதனனுக்காகக் கற்பூரம் ஏற்றி ஆட்டத்தை நிறுத்தத் தெரிந்த ஜனங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்த இரவை மன்னிப்பது கடினம்.

முடிவு தெரிந்ததுதான் இன்பம் என்று இதுவரை எழுதிவிட்டேன். 2014 ஏப்ரல் 7 காலை அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். நம் நேரப்படி திங்கட்கிழமை. ரெசில்மேனியா என்னும் வருஷாந்திரப் பெருவிழாவில் 1991 முதல் 21 முறை மோதி 21 முறையும் ஜெயித்திருந்த அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் தோற்கடித்தார். நியூ ஆர்லியன்ஸ் அரங்கில் கூட்டம் வாயடைத்துப் போனது. சீட்டுக்கட்டு ஆடிய பிள்ளைகள் அப்போது வளர்ந்து, சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்களாகியிருந்தார்கள். செய்தி கைபேசியில் வந்தது. மல்யுத்தம் பார்த்து வருஷக்கணக்கானவர்கள்கூடக் கோபப்பட்டார்கள். பீமன் தோற்கிற பாரதத்தை எந்த ஊரில் ஆடினாலும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள் இல்லையா? ஆனால் யோசித்தால், அன்றைக்கு அந்த முதிய உடம்பு செய்ததும் அதே பழைய வேலைதான். தன்னைவிட இளைய ஒருவனுக்கு முதுகைக் கொடுத்துப் பெரிய ஆளாக்கிவிட்டு மல்லாந்து கிடந்தது. 21 முறை மற்றவர்கள் அவருக்குச் செய்ததை அவர் ஒருவருக்குத் திருப்பிச் செய்தார். இதை ரயில் சிநேகிதர் ஒருவரிடம் சொன்னேன். "அதெல்லாம் கரெக்டுதான் சார், ஆனா தோத்திருக்கக் கூடாது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது தமிழ் வர்ணனையோடும் பார்த்தாயிற்று, நெட்ஃப்ளிக்ஸுக்கும் போயாயிற்று. கம்பெனியின் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. விடுமுறை நாளில் மொட்டைமாடியில் பழைய மெத்தையைப் போட்டு, துணிக்கொடியைக் கயிறாக்கி அவர்கள் ஆடுவதை எட்டிப் பார்ப்பதுண்டு. வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று நிகழ்ச்சிக்கு நடுவே வருகிற எச்சரிக்கையை நாங்கள் மதித்த அளவுதான் அவர்களும் மதிக்கிறார்கள். சாம்பியனாக ஐந்து பேர் தயார். பெரிய நடை நடந்து வரவும், கையை உயர்த்தவும், பெல்ட் என்று அட்டையை இடுப்பில் கட்டிக்கொள்ளவும் தயார். ஆட்டம் மட்டும் தொடங்கவில்லை. மெத்தைக்கு நடுவே நின்று இருவர் வெகுநேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நிஜமாகவே.

"நேத்தும் நான்தானே வுழுந்தேன். இன்னிக்கி நீ வுழு."